பக்கம் திறப்பதற்குள்

சாப்பிட்ட டப்பாவைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் ஹெப்சிபா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெள்ளையாக இருந்தது. மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு கால்வாசி தூரம் ஓடிவந்து, என்னவோ மறந்துவிட்டதுபோல அங்கேயே நின்றுவிட்டது. வந்துவிடும். வராமல் எங்கே போகும். அவள்தான் வேண்டுமென்றே சிக்னலைக் குறைத்து வைத்திருந்தாள். மலையோரத்து ஊர்களில், ஓடுகிற பஸ்ஸுக்குள், தகரக் கூரை வீட்டுக்குள் எப்படிக் கிடைக்குமோ அந்த அளவுக்கு. போனும் அப்படித்தான், ரீசார்ஜ் கடைக்காரர் 'உங்களுக்கு இது போதும்மா' என்று எடுத்துத் தருகிற வகை. இந்த மாதிரிப் போன்களுக்காகவே அவளும் வித்யாசங்கரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு பிரவுசர் செய்திருந்தார்கள். தும்பி என்று பேர். எடையே இல்லாத பிரவுசர் என்று விளம்பரத்தில் போட்டார்கள். எடையே இல்லாமல் எது இருக்கிறது. அதில் எடையாக இருந்தவள் ஹெப்சிபாதான். ஒவ்வொரு பக்கத்தையும் திறப்பதற்கு முன்னால், இது நல்ல பக்கமா, ஆளை ஏமாற்றுகிற பக்கமா என்று தும்பி கம்பெனியின் சர்வரிடம் கேட்கும். நல்லதுதான் என்று பதில் வந்த பிறகே திறக்கும். அந்தப் பகுதி அவளுடைய பொறுப்பு. கேள்வி போய்ப் பதில் வருகிற நேரம்தான் இந்த வெள்ளை. நல்ல சிக்னலில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. இங்கே முடியவில்லை. நாலு மணிக்குக் கூட்டம். அந்தக் காத்திருப்பை எடுத்துவிடலாமா, பக்கத்தை முதலில் திறந்துவிட்டு, பதில் வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிடலாமா என்று அவள் சொல்லவேண்டும். சரி, அல்லது வேண்டாம். ஒரு வார்த்தை. பல்லிடுக்கில் சிக்கிய மாம்பழ நார்போல அந்த வார்த்தை ஒரு வாரமாக அவளை வேறு எதையும் ஒழுங்காக மெல்லவிடவில்லை.

பக்கம் வந்தது. ஏதோ ஊரின் பஸ் நேரங்கள். அவள் அதை மூடிவிட்டு, சோதனையை நிறுத்தி, மறுபடி திறந்தாள். சட்டென்று வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு வெள்ளைக்காக ஒருத்தி ஒரு வாரமாகத் தூங்காமல் இருக்கிறாள் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். தூங்காததற்கு அது மட்டுமா காரணம். கழுத்துக்குக் கீழேயிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கூட இருக்கிற சின்னப் பெண் இளவேனில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்கிற அறை இது, இவளுக்கு மட்டும் அடுப்படி. டாக்டர் அதற்கு ஒரு பேர் சொல்லி, இந்த வயசில் இப்படித்தான் என்று அனுப்பிவிட்டாள். இந்த வயசில். இடது தோள்பட்டை மேசை விளிம்பைப்போல இறுகிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே அவினாசி ரோட்டில் ஹார்ன் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது, எல்லாருக்கும் எங்கோ சீக்கிரம் போகவேண்டியிருந்தது. அவளுடைய பயம் தப்பான பதிலைச் சொல்லிவிடுவோமோ என்பதல்ல. களைப்பில் சரி என்று சொல்லிவிடுவோமோ என்பதுதான். நியாயம் பார்த்துச் சொல்கிற சரி வேறு. தலையை எங்காவது சாய்த்தால் போதும் என்று வருகிற சரி வேறு. வாய்க்கு வெளியே வந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும், யாரும் கண்டுபிடிக்க முடியாது, அவளாலும் முடியாது. காலையில் லிஃப்டில் வித்யாசங்கர் மெதுவாகத்தான் கேட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நம்மாளுங்க அந்த வெள்ளையைப் பாத்துட்டுத் தும்பியையே தூக்கிட்டு வேற ஒண்ணைப் போட்டுக்கறாங்க ஹெப்சி. அதுல எந்தச் சோதனையும் இல்ல. அப்ப நீங்க யாரைத்தான் காப்பாத்தறீங்க?" லிஃப்ட் நின்றது. அவள் முதலில் இறங்க அவர் வழிவிட்டார். யாரைத்தான். அந்த 'தான்' அவள் கூடவே அறைக்குள் வந்து, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

யாரைத்தான் என்றால், ரூபியை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரூபியைத்தான் காப்பாற்றவில்லையே. பாளையங்கோட்டையில் இருக்கிற அவளுடைய அக்கா, ஸ்கூல் டீச்சர், அத்தான் ஜெபமணி இறந்த பிறகு அந்த வீட்டில் ஒற்றையாக இருப்பவள். அத்தானுக்குப் பெரிய குரல். கோவில் பாடகர் குழுவில் கீழ்ஸ்தாயி அவருடையது, அவர் பாடினால் பெஞ்சு அதிரும் என்று ரூபி பெருமையடித்துக்கொள்வாள். அவர் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு பாடுகிறதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் ரூபி போனில் பிடித்து, நெட்டில் இருக்கிற தன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றில் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, "ரூபி, பால் பொங்குது பாரு" என்பார். அந்த இடத்துக்காகவே அதை அதிகம் கேட்பாள். போன வருஷம் ஒரு மெசேஜ் வந்தது, இடம் நிறைந்துவிட்டது, உள்ளே நுழைந்து உறுதிப்படுத்தாவிட்டால் படங்களும் பதிவுகளும் அழிந்துவிடும் என்று. ரூபி நுழைந்தாள். அது அவளுடைய கணக்கின் பக்கம் இல்லை, அதைப்போலவே செய்து வைத்த இன்னொரு பக்கம். பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டவன் கணக்கையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வேண்டியது வேறு என்னவோ. அத்தானின் பாட்டு அவனுக்கு எதற்கு. ஆனாலும் அதுவும் கூடவே போய்விட்டது, யார் யாரிடமோ எழுதிக் கேட்டும் திரும்பவில்லை. "ஏட்டி, எல்லாம் போயிட்டுட்டி" என்று சாயங்காலம் போனில் சொன்னாள் ரூபி. அழவில்லை. "அழிஞ்சிரும்னு போட்டிருந்தானா, பதறிப்போயிட்டேன். உன் தும்பிலதான பாக்கேன், அது பாத்துக்கிடும்னு தைரியமா அமுக்குனேன்." தைரியமா. மற்றதையெல்லாம் ஹெப்சிபா கடந்துவிட்டாள், அந்த ஒரு சொல்லுக்கு வரும்போது மட்டும் கால் இடறிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத் தும்பி அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்தது. வெள்ளையாக நின்றுதான் திறந்தது. சர்வருக்கு அப்போது அது கெட்ட பக்கம் என்று தெரியாது. மறுநாள் காலையில் தெரிந்தது. அவளே போய்ப் பார்த்தாள், தப்பு எங்கே என்று தேடி, தப்பு எங்கேயும் இல்லை என்று கண்டுபிடித்து வந்து உட்கார்ந்தாள். முகவரியில் எம் என்கிற இங்கிலீஷ் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஆர், என் என்று இரண்டு எழுத்தை நெருக்கி வைத்திருந்தான் அந்தப் பாவி. வேகமாகப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது எம்தான். சோதனையிடமும் மாட்டவில்லை, ரூபியிடமும் மாட்டவில்லை. அப்படியானால் இந்தக் காத்திருப்பு எதற்கு, வித்யா கேட்பதில் என்ன தப்பு என்று ஒரு புறம் ஓடும். மாட்டுகிற நூற்றுக்கணக்கானதை யார் எண்ணுகிறார்கள், தப்பித்தவர்கள் போன் பண்ணி நான் இன்று தப்பித்தேன் என்று சொல்வதில்லையே என்று மறுபுறம் ஓடும். ஓடி ஓடி இரண்டும் அதே சுவரில் வந்து முட்டிக்கொள்ளும். அவள் ரூபியிடம் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தபோது, "விடுட்டி. ஆளே போயிட்டாக, குரல் இருந்து என்னத்துக்கு" என்றாள். பிறகு வேறு எதையோ பேசினார்கள், கோவில் அசன விருந்து, கிணற்று மோட்டார். அதற்கப்புறம் ரூபி அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் பரவாயில்லை. திட்டியிருக்கலாம். நீயும் உன் தும்பியும் என்று ஒரு வார்த்தை. போன் திரை மறுபடி வெள்ளையாக இருந்தது, எப்போது சோதனையைத் திருப்பிப் போட்டுத் திறக்க அமுக்கினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"அக்கா." இளவேனில் கதவருகே நின்றாள், கையில் உதவி எண் போன். கம்பெனியில் எல்லாரும் முறைவைத்து அந்தப் போனை எடுப்பார்கள், இன்று அவள் முறை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், யாராவது குரலை உயர்த்தினாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். "இவங்க திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. பக்கம் திறக்கலையாம். சிக்னல் வர்ற எடத்துக்குப் போங்கன்னு சொன்னேன், அங்கதான் நிக்கறேங்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா." ஹெப்சிபா வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் காற்றுச் சத்தம்தான் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. பேர் பவுனுத்தாய் என்றாள். வால்பாறைக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். மகள் அனுசுயா நர்சிங் படிப்புக்குப் போட்டிருக்கிறாள், எந்தெந்தக் காலேஜ் வேணும்னு இன்றைக்குள் குறித்துக் கொடுத்துவிடவேண்டும், அஞ்சு மணியோடு முடிகிறது. "புள்ள காச்சல்ல கெடக்குதுங்க, எந்திரிக்க மாட்டேங்குது. இந்த மேட்டுக்கு வந்தாத்தான் சிக்னல் எடுக்கும், அதான் அவ போனை நான் தூக்கிட்டு வந்தேன். என்ன அமுக்கணும்னு எல்லாம் சொல்லித்தான் விட்டா. ஆனா வெள்ளையாவே நிக்குதுங்க. பாதுகாப்பு சோதிக்கிறோம், பாதுகாப்பு சோதிக்கிறோம்னு எழுதி எழுதிப் போவுது. நாங்க என்ன திருடவாங்க வந்தோம், எங்களை எதுக்குங்க சோதிக்கிறீங்க?" அந்த வரியை எழுதியவள் ஹெப்சிபா. பாதுகாப்புச் சோதனை நடைபெறுகிறது. யாரைச் சோதிக்கிறோம் என்று எழுதாமல் விட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. "உங்களை இல்லம்மா. அந்தப் பக்கத்தைத்தான் சோதிக்குது." "எதையோ. அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். மழை வேற வர்றாப்புல இருக்கு."

நிறுத்தலாம். உள்ளே ஒரு சுவிட்ச் இருந்தது. ஆனால் கூப்பிடுகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும் கூடாது என்று எழுதி, இந்தப் போன் வைக்கிற மேசையிலேயே ஒட்டி வைத்திருந்தவளும் அவள்தான். அவள் கேட்டாள், "இந்த லிங்க் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சும்மா?" "ஸ்கூல் குரூப்புல யாரோ போட்டு விட்டாங்களாம்." யாரோ. அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. சேர்க்கை நடக்கிற நாட்களில்தான் போலிப் பக்கம் போடுகிறவனும் கடை விரிப்பான். சரியான முகவரியைத் தானே அனுப்பிவிடலாமே என்று மகளின் போன் நம்பரைக் கேட்டாள். மனப்பாடமாகத் தெரியாது, பார்க்கவேண்டுமானால் இப்போது பேசிக்கொண்டிருக்கிற தன் பட்டன் போனில்தான் பார்க்கவேண்டும், அதற்கு இதை வைக்கவேண்டும், வைத்தால் மறுபடி லைன் கிடைக்குமோ கிடைக்காதோ என்றாள் பவுனுத்தாய், கட் பண்ணிடாதீங்க என்று இரண்டு முறை சொன்னாள். சுவரில் கடிகாரம் இருந்த பக்கம் ஹெப்சிபா திரும்பவில்லை. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் நர்சிங் இந்த மேட்டிலேயே முடியும், ஒரு வருஷம் கழித்து என்பார்கள், ஒரு வருஷம் கழித்து அவள் கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு போய்க்கொண்டிருப்பாள். சொன்னால், பக்கம் போலியாக இருந்தால், விண்ணப்ப நம்பரையும் பாஸ்வேர்டையும் அம்மாவே கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்று சந்தோஷமாக மேட்டை விட்டு இறங்குவாள். தைரியமாக. தோள்பட்டை விண்ணென்று இழுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், "மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க." இளவேனில் மேசையில் ஒட்டியிருந்த தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்க!" காற்றுக்கு மேலே கேட்டது அந்தக் குரல். "ஆத்தாடி, படமெல்லாம் வந்துருச்சு. நம்பர் கேக்குது, இருங்க, எழுதிடறேன்." "எழுதாதீங்க!" ஹெப்சிபா எழுந்து நின்றுவிட்டாள். சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் போயிருக்கும். "எழுதாதீங்கம்மா. பாருங்க, படிங்க, என்ன வேணா பண்ணுங்க, எதையும் எழுதாதீங்க. முதல்ல உச்சியில ஒரு வரி இங்கிலீஷ்ல இருக்கும். அதை ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க." "எனக்கு எழுத்துக் கூட்டத்தாங்க வரும்." "அது போதும்." இளவேனில் சொல்லாமலே கம்ப்யூட்டரில் உண்மையான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பவுனுத்தாய் ஆரம்பித்தாள், ஏ, டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு, எங்கோ ஒரு ஆட்டின் சத்தம். "அப்புறம் எம்முங்க." "எம்தானா?" "எம்முதான். இல்ல, ஆரு என்னு ஒட்டுனாப்புலயும் இருக்கு. தூறல் விழுந்து சொட்டுச் சொட்டா நிக்குதுங்க." ஹெப்சிபாவுக்கு முகத்தில் இருந்த சூடெல்லாம் ஒரேயடியாக இறங்கி, உள்ளங்கால் வரைக்கும் சில்லென்று போனது. "துடைங்க. சேலையால துடைச்சுட்டுப் பாருங்க. மூணு கால் இருக்கா? மூணும் ஒரே கூரைக்குக் கீழ நிக்குதா, இல்ல நடுவுல கூரை பிஞ்சு கிடக்குதா?" ஒன்றும் கேட்கவில்லை. காற்று. கட் ஆகிவிட்டதோ என்று காதை அழுத்திக்கொண்டாள். ரூபியிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. ரூபி இங்கிலீஷ் டீச்சர், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை, ஒரே பார்வையில் முழு வரியையும் விழுங்குகிறவள், அதனால்தான் மாட்டினாள். "ஒரே கூரைதாங்க" என்றது குரல். "ரெண்டு வளைவு, நடுவுல பிசிறில்ல. எம்முதான்." "அடுத்து?" "ஐ. தலையில புள்ளி இருக்கு." இப்படியே அவள் சொல்ல, ஹெப்சிபா வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல, இளவேனில் ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட, கடைசிப் புள்ளி, கடைசி எழுத்து வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். இளவேனில் பெரிதாக ஒரு முறை தலையாட்டினாள், கண் கலங்கியிருந்தது. "சரியான பக்கம்தான்மா. எழுதுங்க" என்றாள் ஹெப்சிபா, நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தேடி உட்கார்ந்துகொண்டு.

எழுதி முடிக்க நேரம் பிடித்தது. காலேஜ் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள் பவுனுத்தாய், பொள்ளாச்சி முதல்ல, அங்கதான் அவ சித்தி இருக்கா, என்று காரணத்தோடு. பச்சையாக ஏதோ வந்துவிட்டது என்றாள் கடைசியில். பதிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டதற்கு, அப்படித்தான் இருக்குது என்றாள். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டாள் பவுனுத்தாய். "சாப்டேன். நீங்க?" "இனிமேத்தான், போயி." அப்போதுதான் ஹெப்சிபாவுக்கு ஞாபகம் வந்தது. "அம்மா, ஒண்ணே ஒண்ணு. முன்னாடி ஒரு சுவிட்சை அணைச்சோமில்ல, அதைத் திருப்பிப் போட்டுடுங்க." "எதுக்குங்க?" குரலில் வம்பு எதுவும் இல்லை, நிஜமாகவே கேட்டாள். "இப்பத்தான் வெரசா ஓடுது. அனுகிட்டயும் காட்டணும், சந்தோசப்படுவா." "இல்லம்மா, இன்னைக்கு எழுத்தெல்லாம் சேர்ந்து பாத்தோம். நாளைக்கு வேற ஏதாவது வந்தா யாரு பாப்பா?" "அதான் நீங்க இருக்கீங்களே" என்று சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்போடு லைன் போய்விட்டது. இவள் திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மேட்டை விட்டு இறங்கியிருப்பாள்.

கூட்ட அறைக்குள் நுழையும்போது வித்யாசங்கர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மூக்கின் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் தூங்குவதில்லை என்பது திடீரென்று தெரிந்தது, அவருக்கும் ஏதோ ஒரு வார்த்தை பல்லிடுக்கில் இருக்கும். இளவேனில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க ஹெப்சி. எடுத்துடலாமா?" சரி என்கிற வார்த்தை வாய்க்கு வந்து நின்றது. அது நியாயமாக வருகிறதா, களைப்பாக வருகிறதா என்று அவள் தடவிப் பார்த்தாள், இரண்டுமாக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். "பக்கம் திறக்கட்டும் வித்யா. உடனே திறக்கட்டும். ஆனா பதில் வர்ற வரைக்கும் எழுத விடக் கூடாது. படிக்கலாம், பாக்கலாம். எழுதற பெட்டி மட்டும் திறக்கக் கூடாது." சொன்ன பிறகுதான் அவளே அதைக் கேட்டாள். இவ்வளவு நாளும் கதவைத் திறப்பதா மூடுவதா என்றே சுற்றிக்கொண்டிருந்த மண்டைக்கு, மழை விழுகிற ஏதோ ஒரு மேட்டைப் பார்த்துக் கத்தும்போதுதான் இது வாயில் வந்திருக்கிறது. வித்யாசங்கர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பெட்டி திறக்கலைன்னா போன் ஹேங் ஆயிடுச்சும்பாங்க." "சொல்லுவாங்க." "வெள்ளிக்கிழமை வெளியிடறதா எல்லாருக்கும் சொல்லியாச்சு." "தள்ளிப் போகும்." "எவ்வளவு?" "தெரியல." அவர் ஜன்னலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், அவர் கோபப்படவில்லை. "எல்லாப் பெட்டியும் வேண்டாங்க. தேடற பெட்டிகூடத் திறக்கலைன்னா ஒருத்தன் தும்பியை வச்சிருக்க மாட்டான். பாஸ்வேர்டு கேக்கற பெட்டி மட்டும். அதுன்னா நான் பேசிப் பாக்கறேன். மத்ததெல்லாம் அடுத்த தடவை."

அடுத்த தடவை என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். பாஸ்வேர்டு கேட்காமல் ஆதார் நம்பர் கேட்கிறவன் இருக்கிறான், பிறந்த தேதி கேட்கிறவன், போனில் வந்த நம்பரைச் சொல்லு என்கிறவன். அவர்களெல்லாம் இந்த இடைவெளியில் உள்ளே வந்துவிடுவார்கள். அதைச் சொல்லவேண்டும், இப்போதே, இந்த மேசையில். அவளுக்கு ஒவ்வொரு பேரும் தெரியும், ஒவ்வொரு விதமும் தெரியும். "நம்பர் கேக்கற பெட்டியும்" என்றாள். அதற்குமேல் அடுக்கக் களைப்பு விடவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெட்டியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருப்பதுபோலவும், நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வதுபோலவும் இருந்தது. "சரி" என்றார். "அந்த ரெண்டும். அதுக்கு மேல கேக்காதீங்க ஹெப்சி, என்னால முடியாது." அவள் கேட்கவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று யோசிக்கப் பார்த்தாள். அந்த யோசனை கொஞ்ச தூரம் ஓடி, சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது.

மறுநாள் பகலெல்லாம் அவளும் இளவேனிலும் பரிசோதனை அறையிலேயே இருந்தார்கள். அவசரத்தில் கட்டியது, ஓரமெல்லாம் பிசிறு, ஆனாலும் சாயங்காலத்துக்குள் ஒருவிதமாக நின்றது. மலிவு போனில் ஏற்றி, சிக்னலைக் குறைத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள் இளவேனில். பக்கம் உடனே வந்துவிட்டது, எழுத்துகள், படங்கள், கீழே பாஸ்வேர்டு பெட்டி. அதைத் தொட்டாள். திறக்கவில்லை. மறுபடி தொட்டாள், நகத்தால் தட்டினாள், போனைச் சாய்த்துப் பார்த்தாள். "அக்கா, ரொம்ப எரிச்சலா இருக்குக்கா இது." "எனக்கும்தான்." "எதுக்குத் திறக்கலைன்னே தெரியாம திட்டுவாங்க. ஒருத்தருக்கும் இதனால தப்பிச்சோம்னு தெரியப்போறதில்ல. அப்புறம் இது வேலை செஞ்சுதுன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?" ஹெப்சிபா தோள்பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் ஊரில், பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, ஒருத்தி இதே மாதிரி விரலால் குத்திக்கொண்டு நிற்பாள். சனியன், இதை எவ செஞ்சா என்பாள். எரிச்சலில் போனை அங்கேயே வைத்துவிட்டு, வேறு வேலை ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவாள், எதிலிருந்து எழுந்து போனோம் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. "தெரியாது" என்றாள் ஹெப்சிபா. "திட்டிட்டுப் போகட்டும்." பிறகு இளவேனிலிடமிருந்து போனை வாங்கி, பக்கத்தை மூடி, இன்னொரு முறை திறந்தாள்.